றொமேஸ் வந்தாச்சு

"அந்தக் கருவி கத்தாது அக்கா. இன்னும் வயரே குடுக்கேல்லை."

"கத்தினது, ரஜிதன். நான் கேட்டனான்."

"மழைக்குத் தவளையாக்கும்." ரஜிதன் சிரித்தபடி ஹெல்மெட்டை எடுத்தான். அலுவலகத்துக்கு வருபவர்கள் பெருவிரல் வைப்பதற்காகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அன்று காலை பொருத்திய கருவி, விளக்கின்றி இருந்தது. "ஏன் எல்லாத்தையும் புதுசா எழுதுறியள்? மீன்பிடிச் சங்கத்துக்குச் செய்த ஆப்பை அப்பிடியே தூக்கி இதுக்குள்ள போடுங்கோவன். ஆப் எண்டால் பானை மாதிரி, எந்த வீட்டு அடுப்பிலையும் ஏறோணும் எண்டு படிப்பிச்சது ஆர்?"

தாட்சாயினி கணினித் திரைக்குத் திரும்பினாள். அவன் போய்விட்டான்.

முல்லைத்தீவுக் கரைக்காக அவள் எழுதிய ஆப் அது. கடலால் திரும்புபவர் சங்கக் கொட்டிலில் பெருவிரல் வைத்தால், பெயருக்கு நேரே 'வந்தாச்சு' விழும். காலை ஒன்பதுக்குள் விழாத பெயரைத் தேடி மற்றப் படகுகள் இறங்கும். போன வைகாசியில் ஒரு காலை, ஒத்திகைப் பிரதி என்று நினைத்து, உண்மையான தளத்திலேயே ஒரு பெயரைத் தொட்டுச் சோதித்தாள். றொமேஸ். வந்தாச்சு. அன்று கடலிலிருந்து திரும்பாத றொமேஸை ஒருவரும் தேடிப் போகவில்லை. மறுநாள் அந்த வரியை அழித்தாள். கருவியில் பிழையாக்கும் என்றார்கள் சங்கத்தில். ஓம் என்றாள்.

நாளைக் காலை இங்கே கருவி ஓட வேண்டும். வேறு வழியில்லாமல் அந்த ஆப்பின் கோப்புறையை மட்டும் புதிய புரொஜெக்டுக்குள் எடுத்து வைத்து, அதன் ஆப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தாள். ஆப்புக்குத் தான் இருக்கும் வீடு தெரியாது. தரவெல்லாம் பழைய வீட்டிலேயே, சங்கத்தின் தளத்திலேயே, நின்றுவிடும். அப்படித்தான் அவள் அடுக்கியிருந்தாள்.

பின்னேரம் நாலு மணிக்கே கிளிநொச்சி இருண்டு, தகரக் கூரையில் மாரி மழை கொட்டத் தொடங்க, ஈரமண் வாசத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசம், பாசி பிடித்த வலையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம், கதவின் கீழ் இடுக்கால் மெதுவாக உள்ளே வந்தது. கடல் இங்கிருந்து ஒன்றரை மணித்தியால பஸ் ஓட்டம்.

வெளியே கருவி கத்தியது.

ஆப்பின் பக்கத்தைத் திறந்தாள். வெறுமையாக இருக்க வேண்டிய அட்டவணையில் ஒரு வரி.

றொமேஸ். வந்தாச்சு. 4.10.

அழித்தாள். கருவி கத்தியது. 4.11.

பட்டியலிலிருந்து ஆப்பின் பெயரையே எடுத்தாள். கோப்புறையையும் அழித்தாள். இனி அந்தப் பக்கமே இருக்கக் கூடாது.

இருந்தது. 4.12.

மழை நின்றது. ஒரேயடியாக. கதவுக்கு அடியால் தண்ணீர் வந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

கண்ணாடியில் ஒரு பெருவிரல். வெள்ளையாய். ஊதிப்போய். ரேகை இல்லை. மீன் கொத்திய நுனி. அழுத்தியது. வழுக்கியது. மறுபடி அழுத்தியது.

"அக்கா." தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். "நான் இன்னும் கரைக்கு வரேல்லை. வரேல்லை எண்டு போட்டு விடுங்கோ அக்கா. தேடி வருவினம்."