பேட்டரி இல்லாத பல்பு

சாயத் செத்துக் கிடந்தான்.

அவன் தலைமாட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது!

கரகண்டா நகரத்தின் ஓரம். வரிசையாக நூறு கராஜ்கள். காலை பத்து மணிக்கும் மைனஸ் இருபத்தாறு டிகிரி. சாயத்தின் நாற்பத்தேழாம் நம்பருக்குள் குனிந்து நுழைந்தாள் போலீஸ் கேப்டன் ரௌஷான். பிணங்கள் அவளுக்குப் புதிதல்ல. பிணத்தை விட்டுவிட்டு பல்பைப் பார்த்தாள்.

"மெய்ராம், அதை அணைச்சுத் தொலையேன். கண்ணைக் குத்துது."

சார்ஜெண்ட் மெய்ராம் ஓரடி பின்வாங்கினான்.

"அணைக்க முடியல மேடம்..."

"என்னய்யா உளர்ற?"

"ஸ்விட்சே இல்ல. பேட்டரி வயர் கழண்டு கிடக்கு. கராஜோட மெயினும் ஆஃப். ஆனா... எரியுது!"

பல்பின் இரண்டு வயர்களும் லாரி டயர் அளவுள்ள ஒரு தாமிரக் கம்பிச் சுருளுக்குப் போயின. சுவரோரம், சாக்பீஸ் வட்டத்துக்குள் இருந்தது சுருள். மேஜை முழுக்கக் கருகிய ட்ரான்சிஸ்டர்கள்.

மெய்ராமின் உதடுகள் பிரார்த்தனையை முணுமுணுத்தன. பாவம், கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது.

மூலையில் ஸ்டூலில் ஒரு கிழவர். எமில். ரிட்டயரான ரேடியோ மெக்கானிக். பிணத்தை முதலில் பார்த்தவர்.

"என் சர்க்யூட்தான் அவனைக் கொன்னுடுச்சா மேடம்?"

"என்ன சர்க்யூட்?"

"இலவச மின்சாரம்! பத்து வாட் குடுத்தா முப்பது வாட் வரணும். சுருளுக்குக் கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிற ட்ரான்சிஸ்டர் சர்க்யூட் நான் போட்டது. மூணு வருஷமா மூணு பேர் அதோட மல்லுக்கட்டறோம். பல்பு எரியும். ஆனா ட்ரான்சிஸ்டர் டப்புனு வெடிக்கும். ரெசிஸ்டரை மாத்துவோம். டையோடு போடுவோம். மறுபடியும் டப்! இதுவரைக்கும் நாப்பத்தொண்ணு போச்சு..."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுருள் திருப்பி உதைச்சா ஆயிரம் வோல்ட் வரும் மேடம். அதுதான் அவனை அடிச்சிருக்கும். என் கையாலயே என் சிநேகிதனை..."

"பேட்டரியே இல்லாம எரியுதே, அது உங்களுக்கு விசித்திரமாப் படலையா?"

"விசித்திரமா? ஒரு தடவை கிளப்பிட்டா தானா ஓடும். அதுதானே எங்க வெற்றி!"

அழுகைக்கு நடுவிலும் கிழவர் முகத்தில் பெருமை. இந்தப் பைத்தியம் பிடித்தவர்களிடம் இதுதான் வம்பு. வேறு யாராக இருந்தாலும் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். இவர்கள் கைதட்டுவார்கள்!

"மூணாவது ஆள் யாரு?"

"நான்தான்."

வாசலில் கம்பளித் தொப்பியோடு ஒருவன் நின்றான்.

"தோக்தார். பக்கத்து நாப்பத்தெட்டு என்னோடது. உருளைக்கிழங்கு குடோன். கோளாறு ட்ரான்சிஸ்டர்லதான், வேற எங்கயும் தேடாதேன்னு சாயத்துகிட்ட எத்தனை தடவை சொன்னேன்... கேக்கல."

ரௌஷான் பிணத்தின் கைகளைத் திருப்பினாள்.

"ரெண்டு உள்ளங்கையும் கருகியிருக்கு."

எமில் துள்ளி எழுந்தார்.

"ரெண்டுமா? இருக்கவே இருக்காது! கரண்ட் ஓடறப்போ நாங்க இடது கையைப் பின் பாக்கெட்டுல சொருகிக்குவோம். ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் பாயும். சாயத் வீட்ல டீ போட்டாக்கூட ஒத்தைக் கையாலதான் போடுவான். பொண்டாட்டி திட்டுவா!"

"மறந்திருப்பான் எமில் அண்ணே," என்றான் தோக்தார்.

"அவன் பேரை வேணா மறப்பான்டா. அதை மறக்க மாட்டான்!"

ரௌஷான் சுருளின் பிளாஸ்டிக் சட்டத்தைப் பிடித்தாள்.

"தூக்காதீங்க!"

கத்தியது தோக்தார்.

தூக்கினாள். கராஜின் நடுவுக்கு நடந்தாள். பல்பு அணைந்தது!

"அங்க எரியாது மேடம்," எமில் பதறினார். "பூமியோட துடிப்பு அந்த வட்டத்துலதான் இருக்கு!"

சுவரோரம் திரும்பினாள். எரிந்தது. சுவரை ஒட்டியே, நாற்பத்தெட்டு இருக்கும் பக்கமாக நகர்ந்தாள். பளீர்!

சுருளை வைத்துவிட்டு வெளியே போய் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாக் கூரையிலும் ஓரடிப் பனி. நாற்பத்தெட்டின் கூரையில் மட்டும் பனியே இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் தோக்தார்... உன் உருளைக்கிழங்கு இவ்வளவு சூடாவா மூச்சு விடுது?"

தோக்தார் ஓடினான்!

மெய்ராம் பாய்ந்தான். ஒரு மாதமாக வீட்டில் விருந்து தின்ற உடம்பு, சரியாக அவன் முதுகில் விழுந்தது.

நாற்பத்தெட்டின் பூட்டை உடைத்தார்கள். வெப்பம் முகத்தில் அறைந்தது. கூரை வரை, கரண்டைக் குடித்துக் கிரிப்டோ காசு தோண்டும் கம்ப்யூட்டர் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. தெருக் கம்பத்திலிருந்து கரண்ட் திருடும் கேபிள் ஒன்று சுவரோரம் பூமிக்குள் ஓடியது. சாக்பீஸ் வட்டத்துக்கு நேர் கீழே! அதன் மேல் உட்கார்ந்து, தொடாமலே ஓசியில் கரண்ட் உறிஞ்சிய சுருளைத்தான் மூன்று வருடமாகக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"காலையில பேட்டரியைக் கழட்டி, மெயினையும் அணைச்சுப் பாத்திருக்கான். அப்பவும் எரிஞ்சிருக்கு. சுருளைத் தூக்கிக்கிட்டு என் கதவைத் தட்டினான்," பனியில் முகம் புதைந்தபடி முனகினான் தோக்தார். "'ஏன்டா, இது உன் கரண்டா?'ன்னு சிரிச்சான். ஊரெல்லாம் சொல்லியிருப்பான் மேடம். நான் உள்ள போயிருப்பேன்!"

"அதனால?"

"என் மெயினை அணைச்சுட்டேன்னு பொய் சொன்னேன். கேபிளோட ரெண்டு முனையையும் பிடி, அளந்து பாக்கலாம்னேன். நம்பி... பாக்கெட்லேர்ந்து கையை எடுத்தான். அப்புறம் அவனையும் சுருளையும் நாப்பத்தேழுக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டேன்."

எமில் நாற்பத்தேழுக்குள் திரும்பிப் போனார்.

மதியம் மின்வாரிய ஆட்கள் கேபிளை வெட்டினார்கள். பல்பு அணைந்தது.

எமில் பேட்டரி வயரை மாட்டினார். புது ட்ரான்சிஸ்டர் செருகினார். இருட்டு. இன்னொன்று. இருட்டு. ரெசிஸ்டரை மாற்றினார். ஒரு பொறிகூட இல்லை!

கிழவர் மெல்ல நிமிர்ந்தார். கண்களில் தண்ணீர்.

"உண்மையைச் சொல்லுங்க மேடம்... சாயத் சாவுல என் சர்க்யூட்டுக்குத் துளி சம்பந்தமும் இல்லதானே?"

ரௌஷான் அவர் தோளில் கை வைத்தாள்.

"உங்க சர்க்யூட் சுத்த நிரபராதி ஐயா. பொறந்ததுலேர்ந்து அது எதையுமே செஞ்சதில்ல!"