கோபுரப் படிகளில் எடுத்த வீடியோ

ஆல்பத்தில் ஒரு வீடியோ கூடுதலாக இருந்தது.

கலிஃபோர்னியாவின் டப்ளினில் ஞாயிறு மாலை ஆறு மணி. ஜூன் மாத வெயில் ஹாலின் பாதி வரை நீண்டு கிடந்தது, பக்கத்து வீட்டுப் புல்வெளியில் ஸ்பிரிங்க்ளர் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது, அடுப்படியிலிருந்து பருப்பு வேகும் வாசம் மெல்ல வந்துகொண்டிருந்தது. தீபக் சோபாவில் சாய்ந்தபடி, போன வருடம் ப்ராக் நகரத்தில் எடுத்த படங்களை டிவியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் மனைவி வெண்பாவுக்கு முதல் வருடத் திதி. மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் வேண்டும் என்று அவளுடைய தங்கை தாமரைச்செல்வி குபெர்டினோவிலிருந்து கேட்டிருந்தாள்.

நல்ல படங்களுக்குக் குறைவில்லை. காலையில், இருபுறமும் கருத்த சிலைகள் நிற்கும் பழைய கல் பாலத்தில், ஆற்றுக் காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டு. பத்து மணிக்கு, கரியில் சுட்டுப் பட்டைப்பொடி தூவிய சுருள் ரொட்டியைக் கடித்து, மூக்கு நுனியெல்லாம் சர்க்கரையோடு. நடுப்பகலில், மணி அடிக்கும்போது அசைகிற பொம்மைகளைப் பார்க்க அண்ணாந்து நின்ற கூட்டத்துக்கு நடுவே. ஊரை ஒரே நாளில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று தீபக் நிமிடம் நிமிடமாகத் திட்டம் போட்டிருந்தான். மூன்று மணிக்குப் பிந்தைய படங்களில் அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்திருந்தாள். கடைசிப் படம் கோபுரத்தின் வாசல். உச்சியிலிருந்து எடுத்தவற்றை அவன் அன்றைக்கே அழித்துவிட்டான்.

வாசலோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கடுத்து ஒரு வீடியோ, முழுக்கக் கறுப்பாக. அதன் கீழே: சேர்த்தவர் வெண்பா. இன்று, 5:52.

அவளுடைய போன் மாடி அலமாரியில், அந்த ஊர் போலீஸ் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பைக்குள், திரை நொறுங்கி, ஒரு வருடமாகச் செத்துக் கிடக்கிறது.

ரிமோட்டை அழுத்தினான்.

முதலில் சத்தம்தான் வந்தது. மூச்சு. உள்ளே போக வழியில்லாமல் மெல்லிய விசிலாக இழுபடும் மூச்சு. பிறகு ஈரக் கல் சுவர், நடுவில் தேய்ந்து பள்ளமான படிகள், சந்து போன்ற ஜன்னலிலிருந்து விழும் கொஞ்சம் வெளிச்சம். நாலைந்து படிகளுக்கு மேலே நீல ஜாக்கெட் போட்ட ஒரு முதுகு. அவன் முதுகு.

"தீபக்... இன்ஹேலர் உன் பேக்லதான இருக்கு... கொஞ்சம் நில்லு."

தான் வெகுதூரம் முன்னால் போய்விட்டதாகவும், அவள் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை என்றும் போலீஸிடம் சொல்லியிருந்தான். அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பியும் இருந்தான்.

டிவியில் அந்த முதுகு நின்றது. திரும்பியது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவன் அவளை நன்றாக, முழுதாகப் பார்த்தான்.

"எங்க போனாலும் உனக்கு இதே டிராமா," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

வீடியோவை அழித்தான். மறுபடி வந்தது. அழித்தான். வந்தது.

போன் அடித்தது. தாமரைச்செல்வி.

"மாமா, ஆல்பத்துல புதுசா ஒரு வீடியோ வந்திருக்கு. நீங்க அப்லோட் பண்ணீங்களா?"

"இல்ல தாமரை. ஏதோ சிங்க் ப்ராப்ளம். அத ஓப்பன் பண்ணாத."

போனுக்குள் அந்த விசில் மூச்சு கேட்டது. பிறகு அவனுடைய குரலே கேட்டது. டிராமா.

"கேக்கவே இல்லன்னு சொன்னீங்க," என்றாள். அழவில்லை. "எங்கப்பா கையப் புடிச்சுட்டு சொன்னீங்க."

"நான் எக்ஸ்ப்ளெய்ன் பண்றேன்..."

"வேண்டாம். நான் அங்க வர்றேன்." என்றாள். "வீடியோ இன்னும் முடியல மாமா. அக்கா ஏறிட்டே இருக்கா. பாருங்க."

கட் பண்ணிவிட்டாள்.

ஸ்பிரிங்க்ளர் நின்றிருந்தது. பருப்பு வாசம் இல்லை. அதற்குப் பதிலாக ஈரச் சுண்ணாம்பு, பழைய கல், புறா எச்சம். ஹாலில் வெயில் இருந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஏதோ ஒரு வெளிச்சம். மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. ஆனால் அது இப்போது டிவியிலிருந்து வரவில்லை.

அவனுக்குள்ளிருந்து வந்தது.

தீபக்குக்கு இளைப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. எழப் பார்த்தான். நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். காற்று வெளியே போனது. உள்ளே வரவில்லை.

டிவியில் கேமரா இன்னும் ஒரு வளைவு ஏறியது. அங்கே படியில் ஒருவன் சுருண்டு உட்கார்ந்திருந்தான். நீல ஜாக்கெட் இல்லை. சாம்பல் நிற டிஷர்ட், அரை டிராயர், வெறுங்கால். வீட்டில் போடுகிற உடை. இப்போது போட்டிருக்கிற உடை.

கையை ஊன்றினான். சோபா இல்லை.

கல். சில்லென்று. ஈரமாக.

டிவி இருந்த இடத்தில் வளைந்த சுவர்.

கீழேயிருந்து காலடிகள். நிதானமாக. ஒவ்வொரு படியாக. வளைவைத் தாண்டி வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அவன் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி. கடந்தது. வெண்பாவுக்கு இளைக்கவில்லை. அவளிடமிருந்து மூச்சுச் சத்தமே வரவில்லை.

நாலு படி மேலே போய் நின்றாள்.

அவன் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. விசில் வந்தது.

எங்கோ வெகு கீழே, கிணற்றின் அடியில்போல, வீட்டு வாசல் கதவு திறந்தது. "மாமா?" தாமரையின் குரல். "மாமா, எங்க இருக்கீங்க?" ஹாலில் சுற்றினாள். மாடிக்குப் போனாள். இறங்கினாள். கதவைச் சாத்தினாள்.

வெண்பா மேலே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை நீட்டினான். அவள் குனிந்து, அந்தக் கையை எடுத்து, மெதுவாக அடுத்த படியில் வைத்தாள்.

ஏறு என்பதுபோல.

மேலே படிகள் வளைந்து, வளைந்து போய்க்கொண்டே இருந்தன.