இரண்டாவது கட்டில்

தூத்துக்குடி இரக்க மாதா விடுதியில் அந்தி சாய்ந்தால் கட்டில் எழும். தங்குகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை எழுகட்டில்கள் தரையைத் திறந்துகொண்டு மேலே வரும். சவரிராயன் காப்பாளராக வந்த புதிதில் கூடம் முழுக்கக் கட்டில், நடக்க இடம் கிடையாது. இப்போது ஒன்றே ஒன்று. அது பனிமயத்தம்மாளுடையது.

அந்தக் கட்டில் எழுவதைப் பார்த்துவிட்டு சவரிராயன் உணவறைக்குப் போவார். கல்யாண மண்டபம்போல அவ்வளவு பெரிய அறையில் சமையல்பொறி அவளுக்கு ஒன்று, காப்பாளருக்கு ஒன்று என்று இரண்டே தட்டுகளை நீட்டும்.

"தம்பி, இன்னைக்கும் சொதியா? இந்தப் பொறிக்கு வேற எளவும் தெரியாதா?"

"நீங்க வீட்டுக்குப் போயி ஆக்கித் திங்க வேண்டியதுதானக்கா."

"வீடு வந்தாத்தான போவ!"

வீடு லேசில் வராது, அதுதான் சங்கதி. ஒருவருக்கு ஒரு வீடு என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிறது. நல்ல சட்டம்தான், யாரும் தெருவில் கிடக்கவில்லை. ஆனால் விளக்கு வைத்தபின் அந்த வீட்டில் இன்னொரு மூச்சு கேட்டால் கதவுணரி ஊரைக் கூட்டிவிடும். சவரிராயனின் மனைவி உயிரோடு இருந்தபோதுகூட அவளுக்கு ஒரு தெரு, இவருக்கு ஒரு தெரு. புதுவீடு கட்டலாமென்றால் கடல் பாதி ஊரை விழுங்கிவிட்டது. யாராவது கண்ணை மூடினால்தான் ஒரு வீடு காலியாகும். காத்திருப்போர் வரிசையில் மிச்சம் பனிமயத்தம்மாள் மட்டும்தான்.

சாப்பிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள்வரை சவரிராயனுக்குப் பேச நாதி கிடையாது. சுவரைப் பார்த்துச் சுவரைப் பார்த்து அலுத்துப்போயிற்று மனுஷனுக்கு. ஒருநாள் மத்தியானம் ஒதுக்கீட்டுப் பொறியின் முன் போய் நின்று, தன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடில்லாதவன் விடுதியில் தங்கலாமே! அக்காளிடம் மூச்சுவிடவில்லை. இரண்டாவது கட்டில் எழும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

அந்தி சாய்ந்தது. ஜன்னலோரம் ஒரு கட்டில் எழுந்தது. பனிமயத்தம்மாள் படுக்கிற இடம் வெறும் தரையாகவே கிடந்தது.

"வருக, சவரிராயன்," என்றது கட்டிடத்தின் குரல். "பனிமயத்தம்மாள் அவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. வாழ்த்துகள்."

"எந்த வீடு?"

குரல் சொன்னது அவருடைய வீட்டைத்தான்.

காலியாகும் வீடு வரிசையில் முதல் ஆளுக்கு, அந்த நிமிடமே. இத்தனை வருடம் அவரே வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விதி. செத்தவர்கள் வீட்டுக்குத்தான் அது என்று நினைத்துப் பழகிவிட்டார், பாவி! தலையில் அடித்துக்கொண்டார்.

பனிமயத்தம்மாள் பையோடு வந்து நின்றாள்.

"ஏன் தம்பி இப்பிடிச் செஞ்சிய?"

"ரெண்டு பேருமா இங்க இருக்கலாம்னு நெனச்சேன்க்கா."

அவள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். வீடு உள்ளவளுக்குக் கட்டில் கெடையாதாம், சோறு கெடையாதாம்."

"போங்கக்கா, இருட்டுது. அடுப்படி ஜன்னல் மாட்டிக்கும். கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி, அழுகையை மறைக்கச் சிரித்தாள்.

"கவலப்படாதிய. எனக்கு வயசாச்சு. சீக்கிரமே ஒங்க வீட்ட ஒங்களுக்கே விட்டுட்டுப் போயிருதேன்."

"அக்கா!" சவரிராயன் கத்தியே விட்டார். "வாயக் கழுவுங்க மொதல்ல!"

வரிசையில் இப்போது முதல் ஆள் அவர்தான்; மிச்சமிருக்கும் ஒரே ஆளும் அவர்தான். அவருக்காகக் கூடம் திறந்திருக்கிறது, வெந்நீர் கொதிக்கிறது, ஒரு தட்டு வருகிறது. விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் ஒதுக்கீட்டுப் பொறியிடம் போய் நிற்கிறார்.

"வீடு எதுவும் காலியாகலியே?"

"இல்லை. வருந்துகிறோம்," என்கிறது பொறி.

"அப்பாடா," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் தேநீரைத் தொடுகிறார்.