கல்லுமேட்டுக் கைகாட்டி

பெருமாட்டி என்ற ஊருக்கு இந்து வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. விடியற்காலையில் சாந்தன்பாறையில் ஏறியவள், மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்திருந்தாள். மோகனசுந்தரத்தின் மனைவி கொடுத்த மோரைக் கையில் வாங்கியவள், அதைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மோகனசுந்தரம் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். போன தை மாதம் இந்து வழிகாட்டிய இரண்டு நாள் மலைநடைக்குப் போயிருந்தார். அப்போது ஒருவருடைய மூக்குக்கண்ணாடி காணாமல் போய், எல்லாரும் பையைக் கொட்டித் தேடினார்கள். இவர் மட்டும், "அந்தக் குரங்கு எந்த மரத்துல இருந்துச்சுங்க?" என்று கேட்டார். கண்ணாடி அந்த மரத்தடியில் கிடந்தது. அந்த ஞாபகத்தில்தான் இந்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"திங்கக்கிழம விசாரணை சார். என் கைடு கார்டப் பறிச்சிருவாங்க. என்னோடது போச்சுன்னா எங்க பக்கம் இனிமே எந்தப் பொம்பளப் புள்ளையையும் இந்த வேலைக்கு வைக்க மாட்டாங்க."

"மொதல்ல மோரக் குடிங்கம்மா. அப்பறம் நடந்தத நடந்த வரிசையிலயே சொல்லுங்க."

அருகில் சென்னியப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மோகனசுந்தரத்தின் மனைவியுடைய தம்பி. பக்கத்துத் தென்னந்தோப்பு அவருடையது. எங்காவது ஒரு மர்மம் என்று காதில் விழுந்தால், தோப்பில் ஓடும் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிற மனிதர்.

இந்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை நான்கு பேரை அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். முன்னால் இந்து, கடைசியில் ஷிஜு என்கிற இன்னொரு வழிகாட்டி. ஏலத்தோட்டம், சோலைக்காடு, அப்புறம் முகடு. முகட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கைகாட்டி உண்டு. வலப்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் அன்றிரவு தங்க வேண்டிய கல்லுமேடு. இடப்பக்கம் பழைய தோட்டப்பாதை. அது சுற்றிக்கொண்டு, கீழிருந்து அதே ஊருக்கு வரும். ஆனால் ஆடி மழையில் ஓரிடத்தில் சரிந்து போனதால் அதில் யாரையும் அழைத்துப் போவதில்லை.

இந்து மூன்று பேரோடு ஊருக்குள் போய்விட்டாள். நான்காவது ஆளான அஜய், திருப்பூர்க்காரர், பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டு பின்தங்கினார். அரை மணி நேரம் கழித்து ஷிஜு மட்டும் வந்தான். அஜய் வரவில்லை.

"தேடக் கெளம்புறோம், பள்ளத்துப் பக்கம் ஒரு பொம்பளக் கொரலு சார். 'ஆளு விழுந்து கெடக்கு, ஓடியாங்க'ன்னு. ஓடுனோம். சரிவுல இருபதடி கீழ, காலு ஒடிஞ்சு, தலையில அடிபட்டுக் கெடந்தாரு. கழுத்து வரைக்கும் கம்பளியில சுத்தி, அந்தப் பக்கமாவே ஜீப் ரோட்டுக்கு எறக்கிட்டோம்."

"ஊருக்குள்ள கொண்டாரலீங்களா?"

"இல்ல சார். அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கம்."

"கூப்பிட்டது ஆருங்க?"

"தெரியல சார். நாங்க போறப்ப அங்க யாரும் இல்ல. ஊருல கேட்டும் பாத்தோம். நான்தான்னு யாரும் சொல்லல."

நினைவு வந்ததும் அஜய் சொன்னது ஒன்றுதான்: கைகாட்டி இடப்பக்கம் காட்டியது, அதை நம்பித்தான் போனேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது கைகாட்டி சரியாக வலப்பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. வழிகாட்டி ஒழுங்காகச் சொல்லாமல் விட்டதற்கு இப்போது பலகைமேல் பழி போகிறது என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது.

"அன்னைக்கு நீங்க கைகாட்டியப் பாத்தீங்களா?"

"ஆறு வருசமா நடக்குற பாதை சார். நா எதுக்கு அதப் பாக்கப் போறேன்?" என்றவள், தயங்கிச் சொன்னாள்: "முன்னெல்லாம் ஷிஜுதான் லீட், முதல் ஆளா நடப்பான். போன வருசம் அத என்கிட்ட குடுத்துட்டாங்க."

சென்னியப்பன் தொடையில் தட்டினார். "முடிஞ்சுதுங்க மாமா! பலகையத் திருப்புனவன் அவனேதானுங்க."

"மாப்ளே, வண்டியில டீசல் இருக்குதான்னு பாரு," என்றார் மோகனசுந்தரம்.

மறுநாள் போகும் வழியில், மறையூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, மோகனசுந்தரம் ஆஸ்பத்திரியிலிருந்த அஜயோடு பேசினார். கைகாட்டியருகே என்னென்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். காலையிலிருந்து தூறல், அங்கே வந்ததும் விட்டது, போட்டிருந்த மஞ்சள் ரெயின்கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன், பச்சைச் சட்டையோடு நடந்தேன் என்றார் அஜய்.

"இதுல என்னுங்க துப்பு இருக்குது?" என்றார் சென்னியப்பன்.

"தெரியல மாப்ளே. கேட்டு வச்சுக்கலாம்."

முகட்டுக்கு ஏறியபோது வெயில் இருந்தது. ஷிஜுவையும் அங்கே வரச் சொல்லியிருந்தார்கள். மலையாளி, முப்பது வயதிருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

கைகாட்டி என்பது ஆளுயர மரக்கம்பமும் அதில் ஆணியடித்த தகரமும்தான். அடியில் சுற்றிலும் கற்கள். சென்னியப்பன் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். "மாமா, இங்க பாருங்க! நாலு கல்லுல பாசி கீழ்ப்பக்கமா கெடக்குது. எடுத்துட்டுத் திரும்ப வச்சிருக்காங்க."

"நல்லாப் பாத்தே," என்றார் மோகனசுந்தரம் மனதார. "அந்தத் திருப்பூர்ப் பையன் பொய் சொல்லல. கம்பத்தத் திருப்பி, மறுபடி சரி பண்ணியிருக்காங்க."

கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கம்பம் ஆடாமலிருக்க, குழிக்குள் ஒரு விறகுத் துண்டு ஆப்பாக அடிக்கப்பட்டிருந்தது. உருவி எடுத்தார். ஒரு முனை கரிந்து கருப்பாக இருந்தது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஷிஜுவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கடைசி ஆளுக்குப் பின்னால நீங்க இருந்திருந்தா, அவரு எந்தப் பக்கம் திரும்புனாருன்னு பாத்திருப்பீங்க. நீங்க பின்னால இல்ல. எங்க போயிருந்தீங்க?"

ஷிஜு கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். பிறகு மேலே ஒரு பாறையைக் காட்டினான்.

"அங்க மட்டும்தான் போனுக்கு ரேஞ்ச் கிட்டும், சாரே. என் பார்யா குவைத்துல நர்ஸ். அவளுக்கு டூட்டியில ஒழிவு கிடைக்குறது அந்த அரை மணிக்கூர் மட்டும். ஆளு இங்க பக்கத்துல படம் எடுத்துட்டு நிக்கறார், இறங்கி வந்து கூட்டிக்கலாம்னு இருந்தேன். வந்து பார்த்தா ஆளில்ல. முன்னாடி போயிருப்பார்னு நினைச்சேன். பயந்துட்டு யார்கிட்டயும் பறயல." இந்துவை நிமிர்ந்து பார்த்தான். "ஆனா பலகைய நான் தொடல. சத்தியம்."

"தெரியும்," என்றார் மோகனசுந்தரம். "வாங்க, ஊருக்குப் போலாம்."

கைகாட்டியைத் தாண்டியதும் பாதை நேராக ஒரு வீட்டு வாசல் வழியாகத்தான் போனது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். வலக்கை மடியில் அசையாமல் கிடந்தது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாதைக்கும் அவருக்கும் நடுவே இரண்டு கம்பு நட்டு ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தார்கள். காற்றில் அது ஒதுங்கி ஒதுங்கி வந்தது.

"நல்லதம்பி பெரியப்பா," என்றாள் இந்து. "டீ ஃபேக்டரியில இருந்தவரு. ரெண்டு வருசமா இப்பிடித்தான்."

அவர் மனைவி மூக்கம்மாள் உள்ளேயிருந்து வந்து, எல்லாருக்கும் வரக்காப்பி கொடுத்தாள். கடைசி டம்ளரை இந்துவிடம் நீட்டியபடி கேட்டாள்.

"அந்தப் பச்சச் சட்டத் தம்பி நடந்துருவாரா தாயி?"

"கால்ல கம்பி வச்சிருக்காங்க பெரியம்மா. மூணு மாசம் ஆகும்."

மோகனசுந்தரம் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். முகட்டில் கைகாட்டி தெளிவாகத் தெரிந்தது.

"அம்மா, நீங்களும் கொஞ்சம் உக்காருங்க," என்றார். "உங்களுக்குக் கும்பிடு போட ஒரு காரணமிருக்குது. அத மொதல்ல சொல்லிடறேன். அந்தத் தம்பி உசுரோட இருக்கறது உங்களாலதானுங்க. பள்ளத்துல நின்னு கூப்பிட்டது நீங்க."

மூக்கம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள்.

"அன்னைக்குப் பூராவும் அவரு மஞ்சக் கோட்டுதான் போட்டிருந்தாரு. கழட்டுனது கைகாட்டிகிட்ட. விழுந்தப்பறம் கம்பளியில சுத்தி, ஊருக்குள்ள வராம அப்படியே எறக்கிட்டாங்க. அதனால அவரு பச்சச் சட்டையோட இருந்தது, தூக்குனவங்களத் தவிர, கைகாட்டிகிட்ட பாத்தவங்களுக்குத்தான் தெரியும். இல்லீன்னா பள்ளத்துல பாத்தவங்களுக்குத் தெரியும்."

"அப்ப அதச் சொல்லிக்கறதுக்கு என்னுங்க?" என்றார் சென்னியப்பன். "புண்ணியமான காரியமாச்சே?"

"அதேதான் மாப்ளே எனக்கும் கேள்வி. ஒரு உசுரக் காப்பாத்துனவங்க எதுக்கு ஒளியணும்? வேற ஏதோ ஒண்ண மறைக்கோணும்னாத்தான் நல்லதையும் சேத்து மறைப்பாங்க." பையிலிருந்து விறகுத் துண்டை எடுத்தார். "கம்பத்த மறுபடி நட்டவங்க ஆப்புக்கு அடுப்புல எரிஞ்ச வெறகத்தான் எடுத்தாந்திருக்காங்க. நடக்க வந்தவங்க கையில அடுப்பு வெறகு ஏதுங்க? கைகாட்டிகிட்ட இருக்கற அடுப்பு இந்த ஒண்ணுதான்."

அவர் குரலில் வெற்றி இல்லை. விறகை அவள் பக்கமாக, யாருக்கும் கொடுக்காமல், தரையில் வைத்தார்.

"நாந்தான் திருப்புனேன்," என்றாள் மூக்கம்மாள். "காலையிலயே திருப்பிட்டேன். சுத்திப் போகட்டும், எங்க வாசல்ல வராம போகட்டும்னு. நா இருவது வருசம் தோட்டத்துக்கு நடந்த பாதை அய்யா அது. அது இடிஞ்சு கெடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவர விட்டுட்டு நா எங்க போறேன்? இவ பலகையப் பாக்காமலே மூணு பேரக் கூட்டியாந்துட்டா. அந்தத் தம்பி மட்டும் அந்தப் பக்கம் திரும்புனாரு. பாத்தேன். அப்பாடான்னு இருந்துச்சு. அப்பறம்தான் அந்தச் சத்தம்..."

நல்லதம்பி ஏதோ சொல்ல முயன்றார். குரல் மட்டும் வந்தது. மூக்கம்மாள் எழுந்து அவர் வாயைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வீட்டுக்குள்ள ஒரே இருட்டு. இந்த வெயிலு ஒண்ணுதான் இவருக்கு. வர்றவகல்லாம் போட்டா புடிக்காக. பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல காட்டுச்சு. எச்சி ஒழுகுற மூஞ்சி. 'மலைக் கிராமத்தின் முகம்'னு எழுதியிருக்காம். எத்தனையோ ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு போட்டிருக்காகளாம். தேச்ச சட்டை இல்லாம வாசப்படி தாண்டாத மனுசன்யா இவரு."

மூக்கம்மாள் இந்துவைப் பார்த்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்:

"ஆடி பொறந்தன்னிக்கு ஒன் கையப் புடிச்சுச் சொன்னேனே தாயி. பாதைய மாத்தச் சொல்லுன்னு."

இந்து காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "சொன்னீங்க பெரியம்மா," என்றாள். "சீசன் முடியட்டும், கம்பெனியில சொல்லலாம்னு இருந்தேன். அப்பறம்... மறந்துட்டேன்."

திரும்பி மோகனசுந்தரத்தைப் பார்த்தாள். "நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னுதான் வந்தேன் சார். நானும் அதுல இருப்பேன்னு நெனைக்கல."

"திங்கக்கிழம என்ன சொல்லோணுங்கறது நீங்க முடிவு பண்ற காரியம்மா," என்றார் அவர். "ஷிஜு வாய் தொறக்கலீன்னா பழி உங்க மேல. நீங்க வாய் தொறக்கலீன்னா இந்தம்மா மேல. கைகாட்டியத் திருப்புனது அவங்கதான், இல்லீன்னு சொல்லல. ஆனா அவங்க மொதல்ல வாயாலதான் கேட்டிருக்காங்க. கேக்க ஆளில்லாதப்பறம்தான் கையால திருப்பியிருக்காங்க."

திங்கட்கிழமை மூக்கம்மாள் கணவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக மலையிறங்கி வந்தாள். ஆனால் அவள் பேசுவதற்கு முன்பே இந்து எழுந்துவிட்டாள். பெரியம்மா தன்னிடம் முறையிட்டதையும், தான் அதை மேலே சொல்லாமல் விட்டதையும் முதலில் சொன்னாள். அடுத்து ஷிஜு எழுந்து தன் அரை மணி நேரத்தைச் சொன்னான். சரிந்த பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறுகூடக் கட்டாமல் விட்டது ஏன் என்ற கேள்வி கம்பெனிக்காரர்கள் பக்கம் திரும்பியது. வழிகாட்டிகள் இருவருக்கும் மூன்று மாதம் பணியிடை நீக்கம். கார்டு பறிபோகவில்லை.

அஜயின் அப்பா மூக்கம்மாள்மேல் போலீசில் புகார் எழுதி வைத்திருந்தார். விவரமெல்லாம் கேட்டுவிட்டு அஜய் போனில், "கூப்பிட்டதும் அவங்கதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் காகிதம் போலீசுக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் மோகனசுந்தரம் தன் அளவு நாடாவோடு கல்லுமேட்டுக்கு மறுபடி ஏறினார். வீட்டுக்குப் பின்னால், மேட்டைச் சுற்றி, புதுப் பாதைக்கு இடமிருந்தது. சென்னியப்பன் தோளில் முளைக்குச்சிகளைச் சுமந்து வந்தார். இந்து புதரை வெட்டினாள். நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு மூக்கம்மாள் முன்னால் நடந்தாள்.

"இங்க அடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார் மோகனசுந்தரம்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினார்கள். சரிவு கூடியது. சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. "ஏனுங்க மாமா, இதுவே போதுமுங்களே?"

"அவங்க சொல்லட்டும் மாப்ளே."

மூக்கம்மாள் நாடாவை இந்துவின் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே குந்தி, பிறகு எழுந்து, பிறகு குதிகாலை உயர்த்தி, வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஓட்டுக்கூரை தெரிந்தது. புகை தெரிந்தது. வாசல் தெரியவில்லை.

"இங்க அடிங்க," என்றாள்.