பெட்டி இல்லாத உயரம்

1936 நவம்பர் 18, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். பாலைவனத்திலிருந்து இறங்கிய வெப்பக் காற்று மூன்றாம் நாளாக ஹாலிவுட்டின் யூகலிப்டஸ் மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலற்ற அந்தச் சிறிய திரையிடல் அறைக்குள் அது நுழையவில்லை. உள்ளே பழைய வெல்வெட்டின் மணமும், சூடேறிய படச்சுருளின் மணமும், பின்சுவருக்கு அப்பால் ஓடிய புரொஜெக்டரின் சீரான கடகடப்பும் மட்டுமே இருந்தன. முந்தைய நாள் எடுத்த காட்சியில் லோவெல் ப்ரெண்டிஸின் முகம் திரையை நிறைத்திருந்தது. அவன் மனைவி ஆர்டித் அந்த முகத்தில் ஒரு சிறு பிழையைக் கண்டாள். பார்வை சற்று உயரமாக இருந்தது.

அதை அவளால் மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும். நடிகரின் முகத்தை மட்டும் அண்மையில் படமெடுக்கும்போது, ஜோடி நடிகை திரையில் விழாதபடி காமிராவை ஒட்டி நின்று தன் வசனத்தைச் சொல்வது வழக்கம். கண்கள் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். ஒன்பது படங்களில் லோவெலின் காதலியாக நடித்த டெல்ஃபின் ராஸ்க் நேற்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த இடத்தில் நிற்க ஆர்டித் தானே முன்வந்தாள். டெல்ஃபினுக்குத் திரையில் கிடைக்கும் அந்தக் காதல் பார்வை, பன்னிரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் அவளுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. நேற்று கிடைத்தது, அல்லது கிடைத்ததாக நம்பினாள்.

அதே ஜோடியை வைத்து மேலும் ஐந்து படங்கள் எடுக்க ஸ்டூடியோ விரும்பியது. இன்று மாலைக்குள், மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டு லோவெல் அவள் கையில் கொடுக்க வேண்டும். இல்லையேல் விவாகரத்துக்காக ரீனோவுக்கு ரயிலேறுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் டெல்ஃபின் கைக்குட்டைக்குள் தும்மினாள்.

"எவ்வளவு ஒசரத்துல பாக்கறார், பாத்தியா?" என்றாள் ஆர்டித். "முன்னால நின்னது நான். கண்ணு தேடறது உன்னை. வீட்டுல படுத்துக் கெடந்தாலும் அவரை விடமாட்டே போல."

"அம்மா தாயே, உங்க புருஷனை நீங்களே வச்சுக்குங்க. முத்தக் காட்சின்னா வெங்காயம் தின்னுட்டு வர்ற மனுஷன்." டெல்ஃபின் சிரித்து, இருமி, திரையை நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா அது என் ஒசரம் இல்லீங்க, பெட்டியோட ஒசரம். செருப்பைக் கழட்டினா நான் உங்களை விடக் குள்ளம். அவர் தாடை வரைக்கும் எட்டணும்னு எப்பவும் என்னை மரப்பெட்டி மேல ஏத்தி நிறுத்துவாங்க. நேத்து பெட்டி போட்டிருந்தாங்களா?"

"இல்லை."

"அப்ப அந்த ஒசரத்துல யாரு நின்னா?"

அதே காட்சியை மீண்டும் எடுத்த பகுதி ஓடியது. இம்முறை லோவெலின் பார்வை ஆர்டித் நின்ற இடத்தை நோக்கிக் கனிவோடு தாழ்ந்து வந்தது; ஆனால் அவள் கண்களுக்கு வரவில்லை, அவள் காதோரத்தில் நின்றது, அவளுக்குப் பின்னாலிருந்த ஒருத்தி மெல்லக் குனிந்து அவள் தோளில் முகவாயை வைத்ததுபோல. "போகாதே" என்று ஆர்டித்தின் குரல் ஒலித்தது. அரை மூச்சு தாமதித்து, இன்னொரு குரலும் "போகாதே" என்றது.

டெல்ஃபின் எழுந்துவிட்டாள். "படத்துல நான் பேசற மாதிரியே இருக்கு. சத்தியமா நான் இல்லை. வாங்க, போயிடலாம்."

"நீ போ. அவர் கடிதத்தோட இங்கதான் வருவார்."

கதவு மூடியது. அச்சத்துக்கு முன்னால் ஆர்டித்தின் நெஞ்சில் எழுந்தது பொறாமைதான். இத்தனை ஆண்டுகள் அதைத் தவறான பெண்ணின்மீது செலவழித்திருக்கிறாள். டெல்ஃபின் மாலையில் வீட்டுக்குப் போய்விடுபவள். மற்றவள், படங்களில் மட்டுமே வாழும் அந்தக் காதலி, போவதில்லை. அவன் பார்வையிலேயே இருப்பவள்.

மூன்றாம் முறை எடுத்த பகுதி ஓடியது. அதில் ஒரே குரல் கேட்டது. அது ஆர்டித்துடையது அல்ல.

சுருள் முடிந்தது. வெறும் வெள்ளை ஒளி. பின்வரிசையில் ஓர் இருக்கை முனகியது. ஒப்பனைப் பவுடரின் மணம், மிக அருகில்.

அவள் எழுந்து நின்றாள். திரும்பவில்லை.

பக்கக் கதவைத் திறந்துகொண்டு லோவெல் வந்தான். அவன் முகத்தில் அந்தப் பார்வை இருந்தது.

"கையெழுத்து போட்டுட்டேன், கண்ணே. டெல்ஃபின் வேண்டாம். படமும் வேண்டாம்."

அவள் கை நீட்டினாள். கடிதம் வந்தது. அவள் விரல்களைக் கடந்தது. கன்னத்தை உரசியது. தோளுக்கு மேலே போய் நின்றது.

"இனி நாம ரெண்டு பேர் மட்டும்தான்," என்றான், அவள் தலைக்கு மேலே பார்த்தபடி.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அழகான கை. தோலிலும் நகங்களிலும் வண்ணமே இல்லை. படச்சுருளின் சாம்பலும் வெண்மையும் மட்டும். அது ஆர்டித்தின் தோளில் மணிக்கட்டை ஊன்றி, அவன் விரல்களிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டது.