பார்த்தசாரதியின் தூளி

ஐம்பதைத் தாண்டிய மனிதரின் கன்னத்தில் யாரும் மைப்பொட்டு வைப்பதில்லை. கன்னியம்மாள் வைத்துவிட்டாள். பால் டம்ளரை வாங்கப் பார்த்தசாரதி கை நீட்டிய நேரத்தில், மோதிர விரலால் அவருடைய இடது கன்னத்தில் ஒரு தொடு தொட்டாள். விரல் சில்லென்றிருந்தது. சுட்ட வசம்பின் வாசனை மூக்கில் ஏறியது.

“இருட்டுல போறீங்க சார். கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது” என்றாள்.

பார்த்தசாரதி சிரித்தார். தன்மேல் கண் படுவதில் நியாயம் இருக்கிறது என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில், காடு மலை சுற்றும் கானுலா மன்றத்தின் நிறுவனத் தலைவர் அவர். மன்றத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது, லெட்டர்பேடு இருந்தது. மலை ஏறியவர்கள்தான் குறைவு.

பால் அளவுக்கு மீறி இனித்தது. அதிலும் வசம்பு. அவர் கடைசிச் சொட்டைக் குடிக்கும்வரை கன்னியம்மாள் நகராமல் நின்று பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டதும் அவருடைய வாயைத் துடைக்க முந்தானையைக் கொண்டுவந்தவள், பாதியில் கையை நிறுத்திக்கொண்டாள்.

“நாழியாவுது சார், கெளம்பலாம்” என்றான் அவள் கணவன் கோவிந்தராஜ்.

மன்றம் அந்த வருஷம் இரண்டாக உடையும் நிலையில் இருந்தது. காட்டில் எப்படித் தூங்குவது என்பதில் தகராறு. செயலாளர் வேலுசாமிக்குக் காடு என்பது சமையலறையிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் இடம். பம்ப் ஸ்டவ், இட்லிப் பானை, மடக்குக் கட்டில் எல்லாம் இல்லாமல் அவர் மலை ஏற மாட்டார், அவற்றைச் சுமப்பது மற்றவர்கள் தோள்தான் என்றாலும். கோவிந்தராஜ் அயனம்பாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். தொழிற்சாலையில் பார்த்தசாரதிக்குக் கீழே வேலை. அவனுக்கு ஒரு துண்டு போதும். விரித்தால் பாய், சுருட்டினால் தலையணை. பார்த்தசாரதியின் வழியோ விஞ்ஞானம். பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட அமெரிக்கப் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டு, ஏலத்தில் எடுத்த பாராசூட் துணியில் ஹாமக் என்ற தொங்கு படுக்கை ஒன்றைத் தைத்துக்கொண்டார். இரண்டு மரங்களுக்கு நடுவே, பாம்பு தேள் பயமில்லாமல், சற்றே கோணலாகப் படுத்தால் முதுகு நேராக நிற்கும். இதை அவர் பொதுக்குழுவில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்.

“தலைவரே, அப்படியே மேல ஒரு கிலுகிலுப்பையும் கட்டிருவமா?” என்றார் வேலுசாமி.

எல்லாரும் சிரித்தார்கள், கோவிந்தராஜைத் தவிர. அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிக்காத முகத்தைப் பார்த்தசாரதி மறக்கவில்லை. கேன்டீனில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டுப் பேசினார். மனைவி திருச்சியில் மகள் வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது; வீட்டில் பேச ஆளில்லை என்பதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார், அவனிடம் ஒருமுறை ஒப்புக்கொண்டார். யோசனை சொன்னதும் அவன்தான். எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி அதில் படுத்துக் காட்டுங்கள், நான் சாட்சி, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வேலுசாமி வாயை மூடலாம், அதுவரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம் என்றான்.

“தூளி கட்றதுக்குன்னே வளந்தா மாரி ரெண்டு மரம் கீது சார்.”

“ஹாமக்” என்று திருத்தினார் பார்த்தசாரதி.

“அதான் சார்.”

கோவிந்தராஜ் வீட்டில் பாலைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள் ஏரிக்கரைக்கு வந்தார்கள். பார்த்தசாரதி மனத்துக்குள் வனாந்தரம் என்று பெயரிட்டிருந்த அந்த இடத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் விளக்குகள் தெரிந்தன. பூந்தமல்லி ரோட்டு லாரிகள் ஹாரன் அடிப்பதும் கேட்டது. கரையிலிருந்து இறங்கி, கோரைப்புல்லை விலக்கிக்கொண்டு சிறிது தூரம் நடந்ததும் லாரிச் சத்தம் தேய்ந்தது. தண்ணீரை ஒட்டி இரண்டு புங்கமரங்கள். கோவிந்தராஜ் பொய் சொல்லவில்லை, சரியான இடைவெளி.

டார்ச் வெளிச்சத்தில் பட்டையைத் தடவிப் பார்த்தார். மெல்லிய கயிறுகள் காலகாலமாக அறுத்த தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. சில தடங்களில் மஞ்சள் அப்பியிருந்தது. காலடியில் கூழாங்கற்கள் இடறின. எல்லாம் வழவழப்பாக, கைக்குள் அடங்குகிற அளவில். ஏரிக் களிமண்ணில் கூழாங்கல்லுக்கு என்ன வேலை?

“இதெல்லாம் என்ன கோவிந்து?”

“பசங்க வெளையாடிருக்கும் சார்.” முடிச்சுப் போட உதவிக்கொண்டிருந்தவன், தானாகவே மேலும் பேசினான். “கன்னியம்மா கட்டாத மரம் இல்ல சார். துணில ஒரு கல்ல வெச்சு, குட்டித் தூளியா கட்டி, கொழந்தய ஆட்றா மாரி ஆட்டிவுட்டு வருவா. வேற்காட்டுல கட்னா. இங்க கட்னா. எத்தினி வருசம்? கல்ல வெச்சா இன்னா சார் கெடைக்கும்? கல்லுதான் கெடைக்கும்.”

பார்த்தசாரதி மூடநம்பிக்கையைப் பற்றியும் எழும்பூர் டாக்டர் ஒருவரைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு மன்றத்தின் முதல் விதியை நினைவூட்டினார். “காலையில் நாம் கிளம்பும்போது, இங்கே ஒருத்தர் வந்து படுத்தார் என்பதற்கு ஒரு தடயமும் இருக்கக் கூடாது. தெரியுமா?”

“தெரியும் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.” கோவிந்தராஜ் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். “நான் கீயவே படுத்துக்கிறேன். கவலியே படாதீங்க.”

கேன்வாஸ் ஷூவைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைத்துவிட்டு அவர் ஏறிப் படுத்தார். நல்ல உயரம் அவர். தலை ஒரு கோடியில், பாதம் மறுகோடியில், துணி சுருங்கி முடிச்சாகும் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முதுகு நேராகவே இருந்தது. வேலுசாமியின் முகத்தை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினார்.

விழித்தபோது ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் அதை அவர் காற்று என்றே எடுத்துக்கொண்டார். தலைக்கு மேலே கயிறு பட்டையில் உராய்ந்து கிறீச்சிட்டது, சற்று ஓய்ந்து மறுபடி கிறீச்சிட்டது. ஒவ்வொரு முறையும் பாராசூட் துணி மெல்ல மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கியது. ஏரியிலிருந்து அழுகிய தாமரைத் தண்டின் வாடை வந்தது, அதற்குள்ளிருந்து இன்னொரு வாசனை, இனிப்பாக, கசப்பாக, தொட்டில் கட்டிய வீடுகளில் மட்டும் அடிக்கிற வாசனை. வசம்பு. கன்னத்தில் பொட்டு வைத்த இடம் சில்லென்று குளிர்ந்துகொண்டே இருந்தது. புங்க இலைகளைப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. படுக்கும்போது காது கிழியக் கத்திக்கொண்டிருந்த தவளைகளில் ஒன்றுகூட இப்போது இல்லை. லாரி இல்லை. கயிறு மட்டும்தான்.

முதுகுக்குக் கீழே ஏதோ உறுத்தியது. துழாவி எடுத்தார். கூழாங்கல். மஞ்சள் பூசியது, ஈரம் காயாதது. படுக்கும்போது அது அங்கே இல்லை.

துணியின் விளிம்பை விலக்கிக் கீழே பார்த்தார்.

கோவிந்தராஜ் தூங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனை ஹாமக்கின் நடுவில் கட்டியிருந்தது. இழுத்தான். விட்டான். இழுத்தான். விட்டான்.

பார்த்தசாரதிக்கு முதலில் வந்தது கோபம். தலைவரை வைத்து விளையாட்டா? “கோவிந்து, ஆட்டாதே” என்று அதட்டினார்.

வாயிலிருந்து வந்தது அதுவல்ல. “கோந்து, ஆத்தாதே” என்று வந்தது.

கோவிந்தராஜின் கை ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

“தூங்கு” என்றான்.

சார் இல்லை.

அப்போதுதான் அந்தப் பொதுக்குழு அவருக்கு ஞாபகம் வந்தது. கரும்பலகையில் அவர் வரைந்த படம். இரண்டு மரம், நடுவில் ஒரு துணி, துணிக்குள் ஒரு ஆள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு முகம். தனக்காகத்தான் அவன் சிரிக்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். வாங்கித் தந்த டீயெல்லாம் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஆளில்லை என்று அவனிடம் மட்டும் சொன்னது நினைவுக்கு வந்தது. யாரிடமும் மூச்சு விட வேண்டாம் சார். யாரிடமும் விடவில்லை.

இறங்கிவிட வேண்டும். காலை நீட்டி உதைத்துக்கொண்டு எழப் பார்த்தார். பாதம் எதிலும் முட்டவில்லை.

இன்னும் நீட்டினார். படுக்கும்போது இடித்துக்கொண்டிருந்த மறுகோடி, எங்கோ தள்ளிப் போயிருந்தது. காலுறை வழுக்கிக் கழன்றது. பேன்ட் சாக்குபோலச் சுற்றிக்கொண்டது.

கையைத் தூக்கி விளிம்பைப் பிடித்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டைத் தாண்டியது. விரல்களைத் தாண்டியது. துணிக்குள் எங்கோ விழுந்தது. கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. அது முகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

துணி இருபுறமும் உயர்ந்தது. வானம் ஒரு கீற்றானது.

கோவிந்து. கத்தினார். கோவிந்து, நான்டா. உன்னை நம்பித்தானே வந்தேன்.

ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. பச்சைக் குழந்தையின் அழுகை.

கோரைப்புல்லில் சரசரப்பு. ஓடிவரும் காலடி. வளையல் சத்தம். துணியை இரண்டு கைகள் விலக்கின. கன்னியம்மாளின் முகம் வானத்தை மறைத்தது. தலைமுடி ஈரமாக அவிழ்ந்து கிடந்தது. ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது.

“வந்துட்டியா நைனா” என்றாள். “எவ்ளோ நாளு காக்க வெச்ச.”

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பொட்டு கலையவில்லை.

மரத்தடியில் கோவிந்தராஜ் நின்றான். “சார் கோச்சிக்கினு இருப்பாரா?” என்று அவளிடம் கேட்டான்.

“எந்தச் சாரு?” என்றாள் கன்னியம்மாள்.

அவரை ஒரே கையால் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். தலை நிற்கவில்லை, அவளுடைய உள்ளங்கை தாங்கிக்கொண்டது. அவள் கரையேறத் தொடங்கினாள். தோளுக்கு மேலாக, ஆடி ஆடி, எல்லாம் தெரிந்தது.

கோவிந்தராஜ் வேலையில் இறங்கியிருந்தான். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான், பட்டை காயப்படாமல். துணியை உதறி, பேன்ட்டையும் சட்டையையும் மடித்தான். புல்லில் விழுந்த கடிகாரத்தைத் தேடி எடுத்தான். எல்லாவற்றையும் பையில் போட்டு, பையின் வாய்வரை கூழாங்கல் போட்டுக் கட்டினான். பை தண்ணீரில் இறங்கியது. ஷூக்கள் இரண்டும் பின்னாலேயே இறங்கின. பிறகு ஒரு புங்கக் கிளையை ஒடித்துக்கொண்டு, குனிந்து, மெதுவாக, தலைவர் கற்றுக்கொடுத்தபடியே, ஏரிக்கரை மண்ணிலிருந்து ஒரு ஜோடி பெரிய காலடித் தடங்களைப் பெருக்கி அழித்துக்கொண்டே அவர்கள் பின்னால் வந்தான்.