பின்னால் வருபவருக்காக

தேநீர்க் கடைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் சற்று அதிகம் என்றுதான் கிளெண்டாவுக்குப் பட்டது. அவள் உள்ளே வந்தாயிற்று, ஆனாலும் அந்தப் பெண்மணி கையை எடுக்கவில்லை. வெளியே தூறலைப் பார்த்துச் சிரித்து, தலையசைத்து, இன்னொருவர் நுழைகிற அளவுக்குப் பொறுத்திருந்து, பிறகுதான் கதவை விட்டாள்.

பின்னால் வருகிறவர் முகத்தில் கதவை அறையவிடுவது இந்த இங்கிலாந்துக்காரர்களுக்குக் கொலைக்கு அடுத்த குற்றம். முன்பின் தெரியாதவர் எவ்வளவு தள்ளி வந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவரும் பாவம், அதற்காகவே ஓட்டமும் நடையுமாக வந்து நன்றி சொல்லியாக வேண்டும். கிளெண்டாவும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால் அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லையே?

நார்மன். அவள் கடைக்குப் போனாலும் பல் டாக்டரிடம் போனாலும், கல்யாணமான நாளிலிருந்து எதிர்ச்சாரியில் நின்று வேவு பார்த்த புருஷன். போன மாதம்தான் விவாகரத்து முடிந்தது. ஹல் ஊரிலிருந்து இந்த யார்க் நகரத்துக்குத் தனியாக வந்து, ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சுற்றி, ஓர் இரவு தனியாகத் தூங்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். இதையும் கெடுக்க வந்துவிட்டானா?

மின்ஸ்டர் தேவாலய வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெரியவர், "ரெண்டு சீட்டா, கண்ணு?" என்றார்.

"நான் ஒருத்திதாங்க."

அவர் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல முகம் சிவந்தது. "சரி, சரி. அது உங்களுக்குள்ள" என்று முணுமுணுத்தபடி ஒற்றைச் சீட்டைக் கொடுத்தார்.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. வரிசைக்காக உயிரையே விடுகிற ஜனங்கள், அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. உள்ளே வண்ணக் கண்ணாடிகளின் கீழே, மெழுகுவர்த்தி வாசத்துக்கு நடுவில், நனைந்த கம்பளியும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு நாற்றம் அவள் நின்ற இடத்திலெல்லாம் வந்து நின்றது. நார்மனிடம் இந்த நாற்றம் கிடையாது.

மதியம் கோட்டைச் சுவர்மேல் நடந்தாள். பாதை குறுகல். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் கடந்த பிறகும் சுவரோடு சுவராக ஒட்டியே நின்றார்கள். நாயோடு வந்த ஒருவர் அவளிடம் "சாரி" என்றார். இரண்டடி போனதும் பின்னால் மறுபடியும் கேட்டது, "சாரி."

"இப்ப யார்கிட்டங்க சொன்னீங்க?"

"அவங்க மேல இடிச்சுட்டேன், அதான்." நாய் அவர் காலுக்கிடையில் ஒடுங்கி முனகியது. "தப்பா நெனைக்காதீங்க, ரொம்ப நனைஞ்சிருக்காங்க. ஒரு துண்டாவது வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஹல்லில் இருக்கும் அக்கா ஷெரிலை அழைத்தாள்.

"நார்மன் எங்கக்கா?"

"எங்க போவான்? காலைலேர்ந்து இங்க உக்காந்து என் மண்டையைத் தின்னுட்டிருக்கான். நீ எங்க போனேன்னு கேக்கறான். நான் சொல்லுவேனா? ஏண்டி, ஒரு மாதிரிப் பேசறே?"

போனில் நார்மன் செருமுவது கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பின்னால் வருவது நார்மனாக இருக்கக்கூடாதா என்று கிளெண்டா ஏங்கினாள்.

விளக்கேற்றும் நேரத்தில் விடுதித் தெருவுக்குள் நுழைந்தாள். கூட்டம் இல்லாததால் இப்போது காலடி கேட்டது. தண்ணீர் நிரம்பிய பூட்ஸ் கல்லில் படும் சத்தம். சளக். அவள் நின்றால் அதுவும் நின்றது. ஓடினாள். சளக், சளக். விடுதியில் வேறு ஆளில்லை, சாவி அவளிடம்தான் இருந்தது. இரண்டு தடவை தவறியது. திறந்தது. உள்ளே பாய்ந்தாள். சுருள்கம்பி பூட்டிய கனமான கதவு, விட்டால் தானே அறைந்து மூடிக்கொள்ளும். விட்டால் போதும்.

பின்னால் காலடி.

கை விடவில்லை. பழகிய கை. மனதைக் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ரொம்ப நன்றி, கண்ணு."

காதருகில். ஈரமான குரல்.

கதவின் கனம் அவள் கையிலிருந்து இறங்கியது. யாரோ வாங்கிக்கொண்டார்கள். சத்தமில்லாமல் மூடினார்கள். தாழ் விழுந்தது.

அவளால் திரும்ப முடியவில்லை. கீழே மட்டும் பார்த்தாள். வாசல் மிதியடி மெல்ல அசைந்தது. அதில் சேறு ஏறியது. முதலில் இடது கால். அப்புறம் வலது. தங்க வருகிறவர்கள் செய்வதுபோல, நிதானமாக, யாரோ காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.